எந்த மென்பொருளிலும் பாக்கெட் இல்லை

1

இந்த ஜூனோடு நான் ஹாம்பர்க் வந்து நான்கு ஆண்டுகள் முடிகின்றன. வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைய குறிப்பில், "மழை. பெட்டிகள் இரண்டும் வந்து சேர்ந்தன. மகள் தூங்கிவிட்டாள்" என்று இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

ஆண்டு நிறைவை ஒட்டி ஏதாவது எழுதும்படி ஊரிலிருந்து ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். பனியைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் இங்கிருந்து போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. எனவே இந்த ஆண்டு எனக்கு நேர்ந்த ஒரே பெரிய விஷயத்தை எழுதுகிறேன். இணையத்தில் பாத்திர விளையாட்டு ஆட ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன்.

பாத்திர விளையாட்டு என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அடுத்து என்ன செய்வோம் என்று சொல்வார்கள். சுவரில் ஏற முடியுமா, சொன்ன பொய் பலிக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டப்படும். இருபது முகமுள்ள பகடை. பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். இதில் ஜெயிப்பது தோற்பது கிடையாது. கதை போய்க்கொண்டே இருக்கும். எங்கள் கதை பதினோரு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறது.

நாங்கள் நாலு பேர். கதையை நடத்துபவன் அந்தோணி. துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க். பகடைகளும் விதிப்புத்தகமும் இருந்த பெட்டியை ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரர் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ரேவதி வியாசர்பாடிக்காரி, மணலியில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. கதையில் அவள் கோடாரி வைத்திருக்கும் ஏழடி மொட்டையன். டில்லி எர்ணாவூர்க்காரன், டேங்கர் லாரி ஓட்டுகிறான். பெரிய மீசை. கதையில் அவன் மருதாயி என்ற எண்பது வயது சூனியக்காரி. முதல் நாள் சிரிப்பதற்காகத்தான் மருதாயியை எடுத்தான். இரண்டாம் ஆண்டு யாரோ மருதாயியைக் கிண்டல் செய்தபோது எழுந்து போய்விட்டான். நான்காவது ஆள் நான், வில்சன். என் பாத்திரம் வரைபடம் வரைபவன்.

ராயபுரத்தில் ஒரு கேரம் கிளப்பின் மாடியில், சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஆட்டம். கிளப்பில் மேசை கிடையாது. பழைய கேரம் போர்டு ஒன்று இருந்தது. அதன்மேல்தான் பகடை உருளும். பவுடர் போட்ட பலகையில் பகடை நிற்காமல் வழுக்கும். சில சமயம் மூலையில் இருக்கும் பாக்கெட்டில் விழுந்துவிடும். அப்போது என்ன எண் என்று பார்ப்பதா, மறுபடி உருட்டுவதா என்று முதல் மாதமே சண்டை வந்தது. ஒரு விதி செய்துகொண்டோம். பகடை பாக்கெட்டில் விழுந்தால் எண் செல்லாது. அந்த பாக்கெட் யாருடைய வலது கைப்பக்கம் இருக்கிறதோ, அவர் சொல்வதுதான் நடக்கும். கதையை நடத்தும் அந்தோணிகூட மறுத்துப் பேசக் கூடாது. சமையல்காரரின் புத்தகத்தில் இந்த விதி இல்லை.

நான் இங்கே வந்த பிறகு, என் இடத்தில் ஒரு செல்போனை நிறுத்தி வைத்தார்கள். என் வலது கைப்பக்கத்து பாக்கெட் என்னுடையதாகவே இருந்தது.

எனக்கு அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. ராயபுரத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் இப்போது வேறு குடும்பம். இந்த சனிக்கிழமை ஆட்டம் நின்றால், ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. இதை உருக்கமாகச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

2

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. குளிர்காலத்தில் இங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். ஊரின் ஐந்தரை மணி எனக்குப் பகல் இரண்டிலிருந்து ஒன்றாகிவிடும். ஆட்டத்தை ஆறரைக்கு வைக்கலாமா என்று முதல் ஆண்டே கேட்டிருக்கிறேன்.

"உங்க ஊர்ல கடியாரத்த திருப்புனா நாங்க இன்னாத்துக்கு லேட்டா வர்ணும்?" என்றான் டில்லி.

எனவே குளிர்கால சனிக்கிழமைகளில் எனக்கு மதியச் சாப்பாடு கிடையாது.

அன்று என் பக்கத்தில் அவர்கள் எல்லோரும் நன்றாகத் தெரிந்தார்கள். அவர்கள் பக்கத்தில் போன் திரையில் என் படம் உறைந்துவிட்டது. வாயைப் பாதி திறந்தபடி இருந்தேன் என்று பின்னர் ரேவதி சொன்னாள். டில்லி பகடையை எறிந்தான். அது நேராக வந்து என் பாக்கெட்டில் விழுந்தது. மருதாயி ஒரு காவலாளியிடம் பொய் சொல்லியிருந்தாள். அவன் நம்பினானா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வில்சா, சொல்லுடா," என்றாள் ரேவதி.

கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அந்தோணி, "சரி, வில்சன் இருந்தா இன்னா சொல்லியிருப்பான்?" என்று கேட்டான்.

"காவக்காரனுக்கு காது கேக்காதும்பான்," என்றாள் ரேவதி. "எப்பவும் அத்தானே சொல்வான்."

மூவரும் சிரித்தார்கள். கதை மேலே போயிற்று. நான் சொல்லியிருந்ததும் அதுவேதான்.

நான் இருந்தால் என்ன சொல்வேன் என்று சரியாகத் தெரிந்தவர்களுக்கு நான் தேவையில்லை என்ற முடிவுக்கு அன்று மாலை வந்தேன். மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் மென்பொருள் தேடத் தொடங்கினேன்.

3

இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. திரையில் ஒரு மேசை. அதில் வரைபடம் விரிக்கலாம், பாத்திரங்களை நகர்த்தலாம், பகடை உருட்டலாம். யார் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே மேசை. எல்லோரும் திரையில் இருந்தால் எல்லோரும் சமம் என்று கணக்குப் போட்டேன்.

நான்கு மென்பொருள்களைப் பிடித்து, நாற்பத்தொரு வரிகளில் ஓர் அட்டவணை தயாரித்தேன். ஒன்று உலாவியிலேயே ஓடும்; எதையும் நிறுவ வேண்டாம். இரண்டாவதை ஒருவர் மட்டும் வாங்கித் தன் கணினியில் ஓட்ட, மற்றவர்கள் அதற்குள் வரலாம். ஆனால் என் வீட்டு இணையப் பெட்டியில் அவர்கள் உள்ளே வர ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும். அதற்கு இணைய நிறுவனத்தாருடன் நான் ஜெர்மன் பேச வேண்டும். மூன்றாவதில் மேசையின் மர ரேகைகூடத் தெரியும். பகடை ஓசையோடு உருளும். டில்லியின் போனில் திறக்கவே திறக்காது. நான்காவதில் ஒரு படம், சில வட்டங்கள், பகடை. அவ்வளவுதான். அது எந்தப் போனிலும் ஓடியது. அட்டவணையில் குறைந்த மதிப்பெண் அதற்குத்தான்.

தமிழ்ப் பெயர்கள் எழுத்துச் சிதையாமல் வருகின்றனவா, கதை நடத்துபவர் மறைவாகப் பகடை போட முடியுமா, குறைந்த இணையத்தில் தாங்குமா என்றெல்லாம் வரிகள் இருந்தன. "டில்லிக்குப் பிடிக்குமா" என்று ஒரு வரி இல்லை.

முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் அதன் வெளிச்சம். ஒரு பாத்திரத்தின் கையில் விளக்கு இருந்தால், அந்த விளக்கு எட்டும் தூரம் மட்டும் அவருடைய திரையில் தெரியும். மற்றதெல்லாம் இருட்டு. வரைபடம் வரைபவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பதிவு செய்வது எப்படி என்று நான்கு பக்க வழிகாட்டி எழுதி அனுப்பினேன். மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டு எண் வரும், அதைப் பத்து நிமிடத்துக்குள் உள்ளிட வேண்டும். டில்லி வண்டியை ஓரம் கட்டி மின்னஞ்சலைத் திறப்பதற்குள் மூன்று முறை காலாவதியாகிவிட்டது.

"இன்னாடா இது, பாஸ்போட் ஆபீஸா?" என்று ரேவதி குரல் செய்தி அனுப்பினாள்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. உள்ளே ஒரு குறியீட்டு எண். அதை உள்ளிடப் போனபோது, அது முந்தைய நாளோடு காலாவதி என்றது திரை. நேரில் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மையார் கனிவாகப் பேசினார். எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாகப் பேசினார். நான் நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு ஜெர்மனில் "தயவுசெய்து" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மையாரின் வேலையை இப்போது என் நண்பர்களுக்கு நான் செய்துகொண்டிருந்தேன். மெதுவாகவும் கனிவாகவும்.

4

மார்ச் மாதத்தில் புதிய மேசைக்கு மாறினோம். கிளப் மாடிக்கு யாரும் போகவில்லை. அந்தோணி அவன் தம்பியின் மடிக்கணினியில். ரேவதி வீட்டில், பின்னால் குக்கர் விசில். டில்லி மணலியில் சரக்கு ஏற்ற வரிசையில் நிற்கும் லாரிக்குள். முன்பெல்லாம் சனிக்கிழமை மாலை வண்டியை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு வருவான். இப்போது வண்டியிலேயே ஆடலாம் என்பதால் விட வேண்டிய அவசியமில்லை. இதை அட்டவணையில் நன்மைகள் பக்கம் எழுதியிருந்தேன்.

என் மகள் ஏஞ்சலுக்குப் பன்னிரண்டு வயது. அவளும் பள்ளித் தோழிகளோடு இதே விளையாட்டை ஜெர்மனில் ஆடுகிறாள். என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நாங்கள் யாரும் முகம் காட்ட மாட்டோம். முகம் காட்டினால் பாத்திரம் போய்விடும்," என்றாள். அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும், பாடப்புத்தகம் போல. குழந்தையிடம் நல்ல தமிழில்தான் பேச வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். நான் டில்லியிடம் பேசும் தமிழை அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"இன்னா கண்ணு, துன்னியா?" என்றான் டில்லி லாரியிலிருந்து.

அவள் என்னைப் பார்த்தாள். "அவர் பேசுவது எந்த மொழி?"

"என் மொழி," என்றேன்.

"அப்படியானால் எனக்கு ஏன் தெரியாது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். அதனால் நேரம் மிச்சம்.

ஆட்டம் தொடங்கியது. பாழடைந்த ஒரு கப்பலுக்குள் நுழைந்தோம். விளக்குகள் பிரமாதமாக வேலை செய்தன.

"மாமு, எனக்கு ஒண்ணியும் தெர்ல. ஒரே இருட்டா கீது," என்றான் டில்லி.

"உன் விளக்கு எட்டற தூரம்தான் தெரியும், டில்லி."

"ரேவதிக்கு தெரியுதா?"

"அவளுக்கு அவ விளக்கு."

"அப்ப நாம எல்லாம் ஒண்ணாத்தான் போய்க்கினு கீறமா, இல்லியா?"

போர்டில் ஆடியபோது எல்லோருக்கும் எல்லாமும் தெரிந்தது. பார்க்காததுபோல நடித்துக்கொண்டோம். அதுதான் விளையாட்டு. இதை அப்போது நான் யோசிக்கவில்லை. திரையின் வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது என்று டில்லிக்கு விளக்கினேன்.

இரண்டாவது சனிக்கிழமை டில்லி நாலு முறை பேசினான். மூன்றாவது சனிக்கிழமை ஒரே ஒரு முறை: "வண்டி நவுருது, நவுத்திட்டு வரேன்." வரவில்லை. நான்காவது சனிக்கிழமைக்கு முன்னால் அந்தோணி கூப்பிட்டான்.

"டேய், டில்லி இனிமே வர்லியாம்."

"ஏன்? இன்டர்நெட்டா?"

"இன்டர்நெட்லாம் நல்லாத்தான் கீதாம். மருதாயிய சாவடிச்சிர சொல்றான்."

பதினோரு ஆண்டுகளாக உயிரோடிருக்கும் ஒரு கிழவியைக் கொன்றுவிடச் சொல்கிறான். டில்லி இல்லாவிட்டால் அந்தோணி ஆட்டம் நடத்த மாட்டான். அதை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

5

என்ன குறை என்று ஆராய்ந்தேன். பாக்கெட் என்று பதில் வந்தது. எந்த மென்பொருளிலும் பாக்கெட் இல்லை. திரையில் பகடை எப்போதும் ஓர் எண்ணைக் காட்டிவிடுகிறது. யாரும் யாருக்கும் கதையைக் கொடுப்பதே நடக்கவில்லை. மென்பொருளோடு சிறு நிரல்களைச் சேர்க்க முடியும் என்று அதன் உதவிப் பக்கத்தில் இருந்தது. பகடை அவ்வப்போது நால்வரில் ஒருவருடைய பாக்கெட்டில் விழும்படி ஒன்று எழுதினால் போதும்.

எத்தனை முறைக்கு ஒரு முறை விழ வேண்டும்? இது என்னிடம் இருக்கும் தகவல். முதல் ஆட்டத்திலிருந்து நோட்டுப் போட்டு வருகிறேன். தேதி, கதையில் நடந்தது, யார் எறிந்தது, யார் பாக்கெட். ஐந்து நோட்டுகள். கப்பலில் அனுப்பாமல் கைப்பெட்டியில் எடுத்துவந்தவை.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். எறிந்தவர் வாரியாகப் பிரித்தேன். அந்தோணி, ரேவதி, நான் எறிந்தபோது பாக்கெட்டில் விழுந்தது மிகக் கொஞ்சம், எல்லா மூலைகளிலும் சிதறி. டில்லி எறிந்தபோது விழுந்தது அதைப்போலப் பல மடங்கு. அவன் பகடையை உருட்டுவதில்லை, ஸ்ட்ரைக்கரைப் போல விரலால் சுண்டுவான். அதனால் இருக்கும் என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு யார் பாக்கெட் என்று பார்த்தேன். அந்தோணிக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோன மாதங்களில், டில்லியின் பகடை அந்தோணி பாக்கெட்டிலேயே விழுந்திருக்கிறது. ரேவதிக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போன பிறகு ரேவதி பாக்கெட். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு வாரமும் என் பாக்கெட். நான் ஹாம்பர்க் வந்த பிறகு, முதல் ஐந்து மாதமும் ஏறக்குறைய எல்லா சனிக்கிழமையும் என் பாக்கெட். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே, "இன்றும் எனக்கு. விந்தையான தற்செயல்" என்று இருக்கிறது. ஒன்பது இடங்களில்.

டில்லியைக் கூப்பிட்டேன். வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

"டில்லி, பகடைய பாக்கெட்ல வேணும்னே போட்டியா?"

"இன்னா கேள்வி மாமு இது?"

"சொல்லு."

"பன்னெண்டு வயசுலேந்து போர்டு ஆடிக்கினு கீறேன். என் கையில இருந்து தானா வுயும்னு நெனச்சியா?"

"எதுக்குப் போட்டே?"

"யார்னா உம்முன்னு குந்தினு இருந்தா, அவங்க பக்கம் போடுவேன். போட்டா பேசித்தானே ஆவணும்? வாயத் தொறந்தா செரியாப் பூடும்."

"அந்தோணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரேவதிக்கு?"

"எல்லாருக்கும் தெரியும் மாமு. நோட்டு எயுதற உனக்குத்தான் தெரியாது."

நோட்டை மூடி வைத்தேன். பின்னால் லாரிகளின் ஹாரன்.

"ஜனவரியில ஒரு நாள் போன் நின்னுபோச்சே," என்றேன். "அன்னிக்கும் என் பாக்கெட்லதான் விழுந்தது."

"ஆமா. நீ ரொம்ப நேரமா பேசாம கீறியேன்னு உங்கிட்ட தள்னேன். வாயத் தொறந்துகினு சும்மா பாத்துக்கினு இருந்த. வூட்ல எதனா பேஜாருன்னு நெனச்சேன்."

அந்த ஒரு பகடைக்காகத்தான் நாற்பத்தொரு வரி அட்டவணை தயாரித்திருந்தேன்.

"டில்லி, மருதாயி சாக வேண்டாம்."

"அங்க சுண்டறதுக்கு ஒண்ணும் இல்ல மாமு. பட்டன அமுக்கினு கெடக்கேன். யார் மூஞ்சியும் தெர்ல. லாரில ஒண்டியா குந்திக்கினு இருக்கறதுக்கு நான் எதுக்கு ஆட்டத்துக்கு வர்ணும்?"

இதற்கு வழிகாட்டியில் பக்கம் இல்லை. தனியாக உட்கார்ந்து ஆடுவது எப்படி இருக்கும் என்று எனக்கு நான்கு ஆண்டுகளாகத் தெரியும். சமம் என்ற பெயரில் அதை மற்ற மூவருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தேன்.

"நீங்க மூணு பேரும் கிளப்புக்குப் போங்க," என்றேன். "என்னைப் பழையபடி போன்ல வையுங்க."

"நிக்குமே?"

"நிக்கட்டும்."

6

வியாழக்கிழமை மென்பொருளில் இருந்த என் கணக்கை நீக்கினேன். நீக்குவதற்கு மின்னஞ்சலில் ஒரு குறியீட்டு எண் வந்தது. பத்து நிமிடத்துக்குள் உள்ளிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மாடியில் மூவரும் இருந்தார்கள். அந்தோணி போர்டுக்கு பவுடர் போட்டான். என் போனைக் கொஞ்சம் உயரத்தில், பலகை முழுதும் தெரியும்படி நிறுத்தியிருந்தார்கள். மருதாயி வந்ததும் வராததுமாகக் கப்பலின் சமையலறையைச் சூறையாடினாள். கடல் வற்றிப்போன ஒரு துறைமுகத்தில் சேற்றில் சிக்கியிருக்கும் கப்பல் அது. மூன்று வாரமாக இருட்டில் அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தோணி வாயால் சொன்னபோது தெரிந்தது.

நான்கு ஆண்டுகளாக என் பகடையை நானே இங்கே என் மேசையில் உருட்டி, கேமராவில் காட்டி வந்தேன். நேர்மைக்காக. அன்று என் முறை வந்தது. கப்பலின் அடித்தளத்துக்குப் போகும் கதவைத் திறக்க வேண்டும்.

உருட்டப் போனவன் நிறுத்தினேன். ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரமாகியிருந்தது. ரேவதி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளுடைய மொட்டையன் அன்று யாரையும் வெட்டவில்லை. இதை நோட்டில் எழுத எனக்கு இதுவரை கட்டம் இருந்ததில்லை.

"டில்லி, என் பகடைய நீ போடு."

"ஏன், உங்கிட்ட இல்லியா?"

"இருக்கு. நீ போடு. அப்புறம்..."

"பாத்துட்டேன் நைனா," என்றான் டில்லி. "நீ சும்மா இரு."

சுண்டினான். பகடை எதிர்ப்பக்கக் கட்டையில் இடித்துத் திரும்பி, ரேவதியின் வலது கைப்பக்கத்து பாக்கெட்டில் போய் விழுந்தது.

"ரேவதி," என்றான் அந்தோணி. "கதவு தொறக்குது. உள்ள இன்னா கீது?"

அவள் வெகுநேரம் பேசவில்லை. போன் மறுபடியும் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சொல்றேன்," என்றாள். பிறகு நேராகப் போனைப் பார்த்தாள். "வில்சா, பேனாவ கீழ வை. இது நோட்டுக்கு இல்ல."

வைத்தேன். அதனால் அன்று அவள் சொன்னது இந்தக் குறிப்பிலும் இல்லை.